லண்டனிலிருந்து ஜெர்மனிக்கு மாதாமாதம் பணம் அனுப்ப எது மலிவான வழி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நீங்கள் லண்டனில் வேலை பார்க்கிறீர்கள், தங்கை ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறாள், மாதம் 600 பவுண்டு அனுப்புகிறீர்கள். வங்கி ஆப்பில் ‘கட்டணம் 0’ என்று போட்டிருக்கிறது, ஆனால் கூகுளில் கணக்குப் பார்த்ததைவிடக் குறைவாகத்தான் அவள் கணக்கில் ஏறுகிறது. ஏன், வேறு எப்படி அனுப்பலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் லெஸ்டரில் இருக்கிறேன், கணவருக்கு டுசல்டார்ஃபில் வேலை. அவர் சம்பளம் யூரோவில் வருகிறது, எங்கள் வீட்டுக் கடன் பவுண்டில் போகிறது. மாதம் தவறாமல் இரண்டு பக்கமும் பணம் போய்வரும் வீடு என்பதால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகவே பார்த்து வைத்திருக்கிறேன். ஐரோப்பாவுக்குள் பணத்தை அனுப்புவதற்கு அநேகமாகச் செலவே கிடையாது. பவுண்டை யூரோவாக மாற்றும் இடத்தில்தான் காசு போகிறது. அதனால் யார் மாற்றுகிறார்கள், என்ன விலைக்கு மாற்றுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எண்ணை வைத்தே சொல்கிறேன். இன்று சந்தையில் 1 பவுண்டுக்கு 1.15 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது இது, கூகுளில் வருவதும் இதுதான். இந்த விலைக்கு 600 பவுண்டு என்றால் 690 யூரோ. உங்கள் வங்கி தன் விலையாக 1.115 போடுகிறது. தங்கைக்குப் போவது 669 யூரோ. 21 யூரோ விலைக்குள்ளேயே மறைந்துவிட்டது, கட்டணம் என்ற கட்டத்தில் மட்டும் 0 என்று இருக்கிறது. பிரிட்டனின் பெரிய வங்கிகள் பலவும் சாதாரண வாடிக்கையாளரிடம் 2, 3 சதவீதம் அளவுக்கு இப்படி வைத்துத்தான் மாற்றுகின்றன. மாணவர்களுக்கு அனுப்பும் சின்னத் தொகையில் இப்படி எடுப்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

அதே 600 பவுண்டை, சந்தை விலையிலேயே மாற்றிக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் ஒரு சேவையில் போடுகிறீர்கள், கட்டணம் 3 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மீதி 597 பவுண்டு, அதாவது 686 யூரோ 55 சென்ட். மாதத்துக்கு 17 யூரோவுக்கு மேல் வித்தியாசம், வருஷத்துக்கு 200 யூரோவைத் தாண்டிவிடும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணம் பெரும்பாலும் 100 முதல் 400 யூரோவுக்குள் இருக்கும். பல இடங்களில் ஒரு செமஸ்டர் கட்டணத்தையே இந்த ஒரு வருஷ மிச்சத்தில் கட்டிவிடலாம்.

அதனால் எந்த ஆப்பாக இருந்தாலும் ‘கட்டணம்’ என்ற வரியைப் பார்க்காதீர்கள். நான் 600 பவுண்டு கொடுத்தால் அந்தப் பக்கம் எத்தனை யூரோ விழும், இந்த ஒரு எண் போதும். இரண்டு மூன்று ஆப்பை ஒரே நேரத்தில் திறந்து அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்போது உங்கள் பணம் எங்கே குறைகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. குறைவது தொகைக்கு ஏற்ப ஏறி இறங்கினால், அதாவது 600க்கு 21, 1200க்கு 42 என்று போனால், அது மாற்று விலையில் போவது. நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும் 10, 15 யூரோ என்று ஒரே மாதிரி குறைந்தால், நடுவில் ஏதோ ஒரு வங்கி தன் கூலியை எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது வகை, பணம் ஸ்விஃப்ட் வழியாக, அதாவது உலக வங்கிகளை இணைக்கும் வலையமைப்பில் வங்கி விட்டு வங்கி கைமாறிப் போகும்போது வருவது. யூரோ கணக்குக்குப் பவுண்டாகவே அனுப்பிவிட்டால் அநேகமாக அந்த வழியில்தான் போகும், போதாததற்கு மாற்றுகிற வேலை ஜெர்மன் வங்கியிடம் போய்விடும், அது தன் விலையைப் போடும். ஆகவே அனுப்பும் நாணயம் என்று கேட்கும் இடத்தில் யூரோ என்று கொடுங்கள், செபா வழியாகப் போகிறதா என்று பாருங்கள்.

செபா என்பது யூரோவில் பணம் அனுப்புவதற்கான பொது ஏற்பாடு. 2008 ஜனவரியில் தொடங்கியது, இப்போது 40க்கும் அதிகமான நாடுகள் அதில் இருக்கின்றன. அதற்கும் முன்பே ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் ஒரு சட்டம் போட்டது: யூரோவில் நாடு விட்டு நாடு அனுப்பினாலும், உள்நாட்டில் அனுப்ப என்ன வாங்குகிறார்களோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் தங்கை பாரிஸில் இருக்கும் தோழிக்கு 50 யூரோ அனுப்பினாலும் மியூனிக்கில் இருப்பவருக்கு அனுப்பினாலும் ஒரே செலவு என்பது இந்தச் சட்டத்தால் வந்ததுதான். சாதாரண மனிதனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் செய்த நல்ல காரியங்களில் இதை நான் மேலே வைப்பேன். 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள் பத்து நொடியில் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றத்தையும் சாதாரணப் பரிமாற்றத்தின் விலைக்கே கொடுக்க வேண்டும்.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தும் செபாவில் இருந்து வெளியேறவில்லை. ஆனால் அந்த ஒரே விலைச் சட்டம் இங்கே இப்போது செல்லாது. அதனால் சில வங்கிகள் செபாவுக்கும் தனிக் கட்டணம் வாங்குகின்றன, அனுப்புபவரின் முழு முகவரியையும் கேட்கின்றன. முகவரியைச் சுருக்காமல் எழுதுங்கள், பாதியாக இருந்தால் பணம் நடுவில் நின்றுவிட வாய்ப்பு உண்டு.

சரி, எந்தச் சேவை? நாங்கள் பெரும்பாலும் வைஸ் பயன்படுத்துகிறோம். அதன் கதை எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். டாவெட் ஹின்ரிகுஸ், கிறிஸ்டோ கேர்மன் என்று இரண்டு எஸ்தோனியர்கள் லண்டனில் இருந்தார்கள். ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். மற்றவருக்குச் சம்பளம் பவுண்டில், ஊரில் வீட்டுக் கடன் யூரோவில். வங்கிக்குப் போகாமல் தங்களுக்குள்ளேயே சந்தை விலைக்கு மாற்றிக்கொண்டார்கள்: பவுண்டில் சம்பளம் வாங்குபவர் மற்றவருடைய லண்டன் கணக்கில் பவுண்டு போடுவார், அந்த மற்றவர் இவருடைய எஸ்தோனியக் கணக்கில் யூரோ போடுவார். 2011இல் அதையே தொழிலாக ஆரம்பித்தார்கள். இப்போதும் அடிப்படை அதேதான். நீங்கள் பிரிட்டனுக்குள்ளேயே அவர்கள் கணக்குக்குப் பவுண்டு அனுப்புகிறீர்கள், அவர்கள் யூரோ பக்கம் வைத்திருக்கும் பணத்திலிருந்து உங்கள் தங்கைக்குக் கொடுக்கிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் கட்டணம் கூடும், கார்டு கொடுத்த வங்கியும் அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிட்டு வட்டி போடலாம்.

ரெவலூட்டும் நல்லதுதான், தொகை சிறிதாக இருந்தால் சில மாதம் வைஸைவிட மலிவாகவே வரும். ஆனால் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கிறது, சனி ஞாயிறில் மாற்றினால் கூடுதலாக எடுப்பார்கள். வார இறுதியில் நாணயச் சந்தை மூடியிருக்கும், திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்துக்கு அவர்கள் நம்மிடம் காசு வாங்குகிறார்கள். வார நாளில் மாற்றுங்கள், அவ்வளவுதான். விலை ஏறட்டும் என்று காத்திருப்பதையும் விட்டுவிடுங்கள். 600 பவுண்டுக்கு அரை சென்ட் ஏறினால் 3 யூரோ. அதற்காகத் தங்கையைக் காக்க வைக்க வேண்டாம்.

இந்தச் சேவைகளைப் பணம் போகும் வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சேமிக்கும் இடமாக வேண்டாம். வங்கியில் போட்ட பணத்துக்குச் சட்டப்படி காப்பீடு உண்டு, ஜெர்மனியில் அது 1,00,000 யூரோ வரை. வங்கியாக இல்லாமல் மின்பண உரிமத்தில் (பணத்தை வாங்கி வைத்து அனுப்புவதற்கான உரிமம்) நடக்கும் நிறுவனம் உங்கள் பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அது காப்பீடு ஆகாது.

நம்மவர்களுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது, பெயர். யூரோ நாடுகளில் இப்போது பணம் அனுப்பும் முன் ஐபான் எண்ணும் (நாட்டின் இரண்டு எழுத்தோடு தொடங்கும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்) பெயரும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்க்கிறது. பிரிட்டனுக்குள் 2020 முதலே இப்படி ஒரு சரிபார்ப்பு உண்டு. ஐபானில் ஒரு எண் தவறினால் பெரும்பாலும் உடனே பிடிபட்டுவிடும், அதற்கென்றே முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு இரண்டு சோதனை இலக்கங்கள் இருக்கின்றன. பெயரில்தான் குழப்பம். வீட்டில் கவிதா, பள்ளிச் சான்றிதழில் ம. கவிதா, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி கவிதா மணிவண்ணன் என்று இருக்கும். ஜெர்மன் வங்கி பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் கணக்கு திறந்திருக்கும். தங்கையிடம் அவள் வங்கி ஆப்பில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதையே போடுங்கள்.

அப்புறம் உண்டியல். ‘லண்டனில் என் கையில் பவுண்டு கொடு, ஜெர்மனியில் என் ஆள் யூரோ கொடுப்பான், விலையும் நல்ல விலை’ என்று சொல்பவர் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த வட்டத்தில் யாராவது இருப்பார். தயவுசெய்து வேண்டாம். உரிமம் இல்லாமல் பணப் பரிமாற்றம் செய்வது இரண்டு நாட்டிலும் குற்றம். அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாணவர் விசாவில் இருக்கும் பெண் நாளைக்கு விசாவை நீட்டிக்கப் போகும்போது, செலவுக்குப் பணம் எப்படி வருகிறது என்று கணக்கு அறிக்கையை வைத்துத்தான் காட்ட வேண்டும். 10 யூரோ மிச்சத்துக்காக அதை ஏன் சிக்கலாக்க வேண்டும்? வழக்கமாகத் தெரியாத எந்த நிறுவனமாக இருந்தாலும் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

உங்கள் பிரிட்டன் கார்டைத் தங்கையிடம் கொடுத்து ஏடிஎம்மில் எடுக்கச் சொல்லலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பொதுவாக உங்கள் கார்டை வேறொருவர் பயன்படுத்த வங்கி அனுமதிக்காது. தங்கை தன் இந்தியக் கார்டில் எடுத்தாலும் ஒன்று சொல்லி வையுங்கள்: திரையில் ‘யூரோவில் எடுக்கவா, உங்கள் நாட்டு நாணயத்தில் எடுக்கவா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. இன்னொன்றை அழுத்தினால் மாற்று விலையை அந்த ஏடிஎம்காரர் முடிவு செய்வார்.

விசாவுக்கான முடக்கக் கணக்குக்கு (செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முன்கூட்டியே போட்டு வைத்து, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கும் கணக்கு) அனுப்புவதாக இருந்தால் மட்டும் முறை வேறு. அங்கே குறிப்பிட்ட தொகை குறையாமல் ஏற வேண்டும். ‘எவ்வளவு அனுப்புகிறீர்கள்’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு ‘எவ்வளவு போய்ச் சேர வேண்டும்’ என்ற கட்டத்தில் யூரோத் தொகையைப் போடுங்கள், பவுண்டு தானாக வந்துவிடும்.

எந்த ஆப்பிலும் முதல் தடவை பாஸ்போர்ட், முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள், சில சமயம் ஒரு நாள் இரண்டு நாள் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஜெர்மனியில் வாடகை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும். அதனால் இந்த மாத நடுவிலேயே கணக்கைத் திறந்து 20 பவுண்டு அனுப்பிப் பாருங்கள். அது சரியாக ஏறிவிட்டால் 25ஆம் தேதி வாக்கில் ஒரு தேதியைக் குறித்து மாதாந்திரப் பரிமாற்றமாகப் போட்டுவிடலாம்.