பல்கலைக்கழகமும் பக்கத்து வீடும்: வாசகர் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகப் புது ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்குவதால், அதற்கு முந்திய வாரங்களில் தொண்டூழியம் பற்றிய கடிதங்கள் எப்போதும் கூடிவிடும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறேன். உங்கள் கேள்வி இங்கே இல்லை என்றால், முந்திய பதில்களில் அது வந்திருக்கும்.

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரி முதலாண்டு. மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க எத்தனை மணி நேரத் தொண்டூழியம் வேண்டும்? (ஈசூனிலிருந்து ஒரு தாய்)

அப்படி ஒரு கணக்கே கிடையாது, அம்மா. உயர்நிலைப் பள்ளியில், இணைப்பாட நடவடிக்கைகளை மதிப்பிடும் லீப்ஸ் 2.0 திட்டத்தின்படி சேவை நேரத்தை எண்ணுவார்கள். அதுவும் தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ சேரும்போது, மற்ற இணைப்பாட நடவடிக்கைகளோடு சேர்த்துக் கூடிப்போனால் 2 சலுகைப் புள்ளிதான். பல்கலைக்கழக நேர்முகத்தில் கேட்பது வேறு. என்ன செய்தாய், யாரைப் பார்த்தாய், எதைத் தவறாக நினைத்திருந்தாய் என்று கேட்பார்கள். 200 மணி நேரச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைக்கு, தான் பார்த்துவந்த பாட்டிக்கு எந்த முழங்காலில் வலி என்று சொல்லத் தெரியாவிட்டால் அந்தச் சான்றிதழால் பயனில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மூத்தோர் நிலையத்துக்கு இரண்டு வருடம் விடாமல் போகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், மருத்துவ ஆசை அவளுடையதுதானா என்று அவளிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத் தொண்டூழிய வாய்ப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டு அனுப்பவும். அவசரம். (பெயரும் ஊரும் இல்லை)

அனுப்ப முடியாது. இங்கே தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு, ஒவ்வொன்றிலும் ஏற்பாடு வேறு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 80 மணி நேரச் சமூக சேவை முடிக்காமல் பட்டம் கிடைக்காது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவர்களுக்குச் சேவைவழிக் கற்றல் கட்டாயம். தேசியப் பல்கலைக்கழகத்தில் 2021-லிருந்து சமூக ஈடுபாடு பொதுக்கல்விப் பாடங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. நீங்கள் படிப்பது எங்கே, எந்த ஆண்டு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, பிள்ளைகளோடு பழகப் பிடிக்குமா, பெரியவர்களோடா? இது எதுவும் இல்லாமல் பட்டியல் கேட்டால் யாரால் உதவ முடியும்? பொதுவாகத் தேட வேண்டும் என்றால், தொண்டூழிய வாய்ப்புகளைப் பட்டியலிடும் கிவிங்.எஸ்ஜி தளத்தில் வட்டாரம் பார்த்துத் தேடலாம்.

கேள்வி: அந்த 80 மணி நேரத்தை ஒரே விடுமுறையில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், பலர் முடிக்கிறார்கள். வாரம் 2 மணி நேரமாக ஒரு வருடம் போகிறவர் கற்றுக்கொள்வது அதைவிட அதிகம். அவர் போகும் இடத்துக்கும் அதுதான் வசதி.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன். துணைப்பாடத் திட்டம் ஒன்றின்கீழ் தொடக்கநிலை 6 படிக்கும் பையனுக்கு ஜனவரியிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகஸ்ட்டில் எனக்குப் புதுப் பருவம் தொடங்குகிறது, பாடச்சுமை அதிகம். இதோடு நிறுத்திக்கொள்ளலாமா? வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்தானே? (செங்காங்)

மாட்டார்கள், தம்பி.

இந்தக் கேள்வி வருடாவருடம் வருகிறது. கேட்கும் பிள்ளைகள் எல்லாரும் நல்ல பிள்ளைகள், அதனால்தான் எனக்கு ஆற்றாமை கூடுதலாக இருக்கிறது. நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். பல்கலைக்கழக ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடியும். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் நடுவில் வரும். எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் நாள்கள்வரை போகும். பையனுக்கு நீங்கள் மிகவும் தேவைப்படும் ஏழெட்டு வாரமும் உங்கள் பருவத்தின் முதல் ஏழெட்டு வாரமும் ஒன்றுதான். போன வருடமும் அப்படித்தான், அடுத்த வருடமும் அப்படித்தான். ஜனவரியில் ஒப்புக்கொண்டபோதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. உங்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் அதைச் சொல்லியிருக்கவும் வேண்டும்.

இன்னொன்று. 2023-க்குள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளை எல்லா நிலைகளிலும் நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் மனச்சுமைக்கு அது நல்லதுதான். ஆனால் எந்தப் பாடத்தில் எங்கே ஓட்டை என்பது முன்னோட்டத் தேர்வு வந்த பிறகுதான் பல வீடுகளில் முழுதாகத் தெரிகிறது. அது வருவதும் நீங்கள் விலக நினைக்கும் அதே சமயத்தில். இறுதியாண்டுத் தேர்வின் அடைவுநிலை முறையில் எண் குறைந்தால் மேல்: 45 முதல் 64 மதிப்பெண் வரை எடுத்தால் அடைவுநிலை 6, 65 எடுத்தால் 5. கணிதத்தில் 62 வாங்கும் பையனுக்கு மூன்று மதிப்பெண் பெரிய தூரம் இல்லை. பின்னக் கணக்கில் அவன் செய்யும் ஒரே மாதிரித் தவறை யாராவது இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால் போதும். அந்தத் தவறு என்ன என்று இன்றைக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வசதியுள்ள வீடாக இருந்தால் அடுத்த வாரமே காசு கொடுத்து வேறு ஆசிரியரை அழைத்துவிடுவார்கள். இலவச வகுப்பை நம்பியிருக்கும் வீட்டில் அது நடக்காது. இரண்டாவது தடவையும் ஓர் அண்ணனோ அக்காவோ பாதியில் காணாமல் போனால், தனக்குக் கணக்கு வராததால்தான் போய்விட்டார்கள் என்று பிள்ளை முடிவுகட்டிக்கொள்கிறான். மூன்றாவதாக வருபவரிடம் வாயே திறப்பதில்லை. இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள், வாரத்தை மட்டும் விடாதீர்கள். ஒரு வாரம் நேரில், ஒரு வாரம் காணொளி அழைப்பில் என்றும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் இடைப்பருவ விடுமுறை வாரம் பெரும்பாலும் எழுத்துத் தேர்வை ஒட்டியே வரும். அந்த வாரம் இரண்டு தடவை போங்கள். சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்பில் இடம் இருக்கிறதா என்று பெற்றோரோடு சேர்ந்து விசாரித்துக்கொடுங்கள், ஆனால் அதைக் காரணமாகக் காட்டி நீங்கள் நழுவ வேண்டாம். அக்டோபரில் தேர்வு முடிந்ததும், கடைசி வகுப்பு எந்த நாள் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மாணவர் மன்றங்களுக்கும் சொல்கிறேன். ஆகஸ்ட் மாத அறிமுக விழாவில் உற்சாகத்தோடு வரும் முதலாண்டு மாணவர்களைச் சேர்த்து, பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளிடம் அனுப்பாதீர்கள். டிசம்பரில் சேருங்கள். ஜனவரி முதல் அக்டோபர்வரை என்று எழுதி வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் என்று வையுங்கள். ஒருவருக்குத் தேர்வு என்றால் இன்னொருவர் போவார். ஆள் போதவில்லை என்றால் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறையுங்கள். 40 பிள்ளைகளைப் பாதியில் விடுவதைவிட 15 பிள்ளைகளைத் தேர்வுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் நிகழ்ச்சிக்குப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகளை அழைத்தோம். ஒரு பதிலும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் அக்கறை இல்லையா? (பிடோக்)

அக்கறை இருக்கிறது, ஐயா. நீங்கள் எழுதிய நேரம் சரியில்லை. நம் தமிழ்மொழி விழா ஏப்ரலில் நடக்கிறது. அவர்களுடைய பருவத் தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கிவிடும். நவம்பரிலும் அதே கதைதான். செயற்குழுவும் வருடத்துக்கு ஒருமுறை மாறும், பழைய செயலாளரின் முகவரிக்குப் போன மின்னஞ்சல் அங்கேயே கிடக்கும். நான்கைந்து மாதம் முன்னதாக எழுதுங்கள். நாற்காலி அடுக்கவும் பன்னீர் தெளிக்கவும் மட்டும் அழைக்காதீர்கள். ஆண்டுதோறும் பெரிய மேடை நிகழ்ச்சிகளைத் தாங்களே எழுதி நடத்துகிற பிள்ளைகள் அவர்கள். ஒரு அங்கத்தை முழுதாக அவர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் 20 மாணவர்கள். டிசம்பர் விடுமுறையில் தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளி ஒன்றுக்குப் போய், சுவருக்கு வண்ணம் அடித்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர இருக்கிறோம். பொதுமக்களிடம் 15,000 வெள்ளி திரட்ட வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

முதலில் பணம். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவான விதி, செலவு போகத் திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவிடப்பட வேண்டும் என்பது. 15,000 திரட்டினால் பள்ளிக்குப் போவது சுமார் 3,000. தெருவில் உண்டியலோடு நிற்பதற்குத் தனி உரிமம். நன்கொடைக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், வெளிநாட்டு நோக்கத்துக்கு அது கிடையாது. இதெல்லாம் தெரியாமல் இணையத்தில் வசூல் தொடங்கிச் சங்கடப்பட்ட குழுக்கள் உண்டு.

அடுத்தது, அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசினீர்களா? பேசியிருந்தால் டிசம்பர் என்று எழுதியிருக்க மாட்டீர்கள். அங்கே டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அது முடிந்தவுடன் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை விடுமுறை. நீங்கள் போகும்போது ஒன்று பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் பள்ளி பூட்டியிருக்கும். அதோடு அது வடகிழக்குப் பருவமழைக் காலம், ஈரச் சுவரில் வண்ணம் நிற்காது. உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவருக்குக் கூலி கொடுத்தால் உங்கள் விமானச் சீட்டுச் செலவில் ஒரு சின்னப் பங்கில் வேலை முடிந்துவிடும், அவருக்கும் வருமானம். தலைமையாசிரியரைக் கூப்பிட்டு, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேளுங்கள். போனால், பெற்றோரின் அனுமதி இல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் 300 பிரியாணிப் பொட்டலம் கொடுக்க எங்கள் விடுதி மாணவர்கள் விரும்புகிறோம்.

ஊழியர் தங்குவிடுதி நடத்துநரின் அனுமதியை முதலில் வாங்குங்கள். சமைத்த நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், எனவே பொட்டலத்தின்மேல் நேரத்தை எழுதுங்கள். நீங்களே சமைக்காமல் உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். அதற்கும் முன்னால், அவர்களுக்கு வேண்டியது பிரியாணிதானா என்று கேளுங்கள். பண்டிகை நாளில் அவர்களுக்கு வேறெங்கிருந்தும் சாப்பாடு வரக்கூடும். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்கிச் செயலியில் ஊருக்குப் பணம் அனுப்புவது எப்படி, மோசடி அழைப்பை அடையாளம் காண்பது எப்படி என்று தமிழில் பொறுமையாகச் சொல்லித்தர யாராவது வந்தால், அதைத்தான் அவர்கள் மறக்கமாட்டார்கள். பொட்டலத்தை நீட்டும்போது படம் எடுக்காதீர்கள். கை நீட்டி வாங்குகிறவரின் முகம் உங்கள் குழுவின் விளம்பரத்துக்கு இல்லை.

கேள்வி: நான் கலைத்துறை மாணவி. தமிழ் நன்றாகப் பேசுவேன். மருத்துவத் தொண்டூழியத்தில் என்னால் பயன் உண்டா?

நிறைய உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவ, தாதிமை மாணவர்கள் 2007-லிருந்து நடத்தும் நேபர்ஹுட் ஹெல்த் சர்விஸ் வாடகை வீடுகளுக்கு வாசல் வாசலாகப் போய் உடல்நலப் பரிசோதனை செய்கிறது. தமிழ் மட்டுமே பேசும் தாத்தா பாட்டிகளிடம் கேள்வியைச் சரியாகக் கொண்டுசேர்க்க உங்களைப் போன்றவர்கள் வேண்டும். மூன்று விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள், நீங்களாகச் சுருக்காதீர்கள். உங்கள் அம்மா சொன்ன கைவைத்தியத்தை நடுவில் சேர்க்காதீர்கள். பரிசோதனையில் கேட்டதை வெளியில் எவரிடமும் பேசாதீர்கள், அதே புளோக்கில் உங்கள் உறவினர் இருந்தாலும். படம் பற்றி நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு 67 வயது. பல்கலைக்கழக வாசலையே மிதித்ததில்லை. இப்போது போக முடியுமா? (அங் மோ கியோ)

தாராளமாக. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக நேஷனல் சில்வர் அகாடமி இருக்கிறது. அதன்வழி பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் குறுகிய காலப் பாடங்கள் படிக்கலாம், கட்டணச் சலுகையும் உண்டு. அப்புறம், பொதுமக்களுக்கான இலவச உரைகள் வருடம் முழுக்க நடக்கின்றன. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா.

கேள்வி: எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். பேசாமல் செய்யக்கூடிய தொண்டு ஏதாவது? (ஜூரோங்)

அனைத்துலகக் கடலோரத் துப்புரவுக்குப் போங்கள். சிங்கப்பூரில் 1992-லிருந்து நடக்கிறது. முக்கியமான நாள் செப்டம்பரில். பொறுக்கும் குப்பையை வகைவாரியாக எண்ணி அட்டையில் குறிக்க வேண்டும், அந்தக் கணக்குதான் பிறகு ஆய்வுக்குப் போகும். எண்ணாமல் பையை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கண்டல் காட்டுப் பகுதி என்றால் பாதம் முழுக்க மூடும் காலணி கட்டாயம், கையுறையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்வற்று நேரத்தை வைத்துத்தான் புறப்படும் நேரம் முடிவாகும், ஆகவே தாமதமாகப் போனால் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.