அதே கப்பலா, வேறு கப்பலா?

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது ‘தீசியஸின் கப்பல்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அது என்ன கப்பல் என்று கேட்டும், அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று கடிந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைச் சுற்றி வந்த கடிதங்கள் என்பதால் இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

தீசியஸின் கப்பல் உண்மையிலேயே இருந்ததா, அல்லது வகுப்பறைக்காகத் தத்துவவாதிகள் கட்டிய கற்பனைக் கப்பலா?
(வாசகர், விருதுநகர்)

தீசியஸ் புராண வீரன். ஆனால் ‘இதுதான் அவன் போன கப்பல்’ என்று ஏதென்ஸ் நகர மக்கள் காட்டிய ஒரு கப்பல் இருந்தது. கிரீட் தீவுக்குப் பலியாக அனுப்பப்பட்ட ஏழு இளைஞர்களையும் ஏழு இளம்பெண்களையும் தீசியஸ் உயிரோடு மீட்டு வந்தான் என்பது கதை. அந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பழுது பார்த்துப் பார்த்துப் பல நூற்றாண்டுகள் காத்துவந்தார்கள் என்றும், உளுத்த பலகையை எடுத்துவிட்டு உறுதியான புதிய பலகையை அந்த இடத்தில் பொருத்துவார்கள் என்றும், ‘வளர்கிற பொருள் அதே பொருளாக இருக்கிறதா’ என்று வாதிடும் தத்துவவாதிகளுக்கு அக்கப்பல் எடுத்துக்காட்டாகவே ஆகிவிட்டது என்றும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதுகிறார். அதே கப்பல் என்று ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் வாதிட்டார்களாம்.

இந்தக் கப்பலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தத்துவம் படிப்பவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை. இளைஞர்கள் உயிரோடு திரும்பினால் ஆண்டுதோறும் டீலோஸ் தீவில் உள்ள அப்போலோ தெய்வத்துக்குத் தூதுக்குழு அனுப்புவதாக நேர்ந்துகொண்டிருந்தார்கள். கப்பலின் பின்புறத்தில் மாலை சூட்டிய நாள் தொடங்கி அது டீலோஸுக்குப் போய்த் திரும்பும்வரை நகரம் தூய்மையாக இருக்க வேண்டும், அதாவது யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது சட்டம். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீதான வழக்கு விசாரணைக்கு வந்ததற்கு முதல் நாள்தான் அந்த மாலை சூட்டப்பட்டது. ஆகவே தீர்ப்பு வந்த பிறகும் அவர் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் உயிரோடு இருந்தார். கப்பல் திரும்பிவரும் செய்தியோடுதான் நண்பர் கிரிட்டோ விடியுமுன் அவருடைய சிறைக்கு வந்து, தப்பிப் போய்விடலாம் என்று மன்றாடுகிறார். பலகை மாற்றிய கப்பல் அதே கப்பலா என்று அன்று சிறைக்காவலர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நேர்த்திக்கடனைச் சுமந்து போகிற கப்பல் அதுதான், அவ்வளவே.

கழற்றிய பழைய பலகைகளை எல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்?
(வாசகி, கோயம்புத்தூர்)

இதே கேள்வியை ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1655இல் கேட்டார். பழைய பலகைகளை அதே வரிசையில் மறுபடி பொருத்தினால் அதுவும் ‘அதே கப்பல்’ என்றுதானே சொல்ல வேண்டும். அப்படியானால் ஒரே கப்பல் இரண்டாக நிற்கும், அது அபத்தம் என்றார். அவரே சொன்ன வழி இது: ஒரு பொருளுக்கு எதைக் கருதிப் பெயர் வைத்தோம் என்று முதலில் கேளுங்கள். மரத்தைக் கருதி வைத்த பெயர் என்றால் மரம் போனால் பெயரும் போகும். ஆற்றைப் போல, ஓர் ஊற்றிலிருந்து இடைவிடாமல் தொடர்ந்து வரும் ஓட்டத்தைக் கருதி வைத்த பெயர் என்றால், தண்ணீர் மாறினாலும் ஆறு அதேதான்.

தமிழில் இந்தக் குழப்பத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது. ‘நீ எடுத்த அதே மாதிரிச் சட்டையை நானும் எடுத்தேன்’ என்பதற்கும், ‘நேற்றுப் போட்ட அதே சட்டையையா இன்றும் போட்டிருக்கிறாய்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறு பிள்ளைக்கும் தெரியும். முன்னது ஒப்புமை, பின்னது ஒருமை. கப்பல் புதிரில் சிக்கலாக இருப்பது இரண்டாவதுதான். என் கருத்தைக் கேட்டால், கப்பலைப் பொறுத்தவரை ஹாப்ஸ் சொன்னது போதும். அருங்காட்சியகத்துக்குப் பழைய பலகைகள் வேண்டும், கப்பல் தலைவனுக்குக் கடலில் மிதப்பது வேண்டும், இருவரும் சண்டையிட ஒன்றுமில்லை.

வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா?
(வாசகர், திண்டுக்கல்)

கோபம் இல்லை. ஆனால் கிரேக்கர்கள் இந்தக் கேள்வியை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால் உங்கள் எண்ணம் மாறக்கூடும். அது கப்பல் துறையிலிருந்து வரவில்லை, கடன் பாக்கியிலிருந்து வந்தது.

சிசிலியில் வாழ்ந்த எபிகார்மஸ் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியரின் காட்சி ஒன்றைப் பழைய உரையாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கடன் வாங்கியவனிடம் கொடுத்தவன் வந்து நிற்கிறான். கடன்காரன் சொல்கிறான்: கூழாங்கல் குவியலில் ஒரு கல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது வேறு எண்ணிக்கை, மனிதன் நாள்தோறும் வளர்கிறான், தேய்கிறான், ஆகவே அன்று வாங்கியவன் வேறு, இன்று நிற்கும் நான் வேறு. கொடுத்தவனுக்கு ஆத்திரம் வந்து ஓங்கி அடித்துவிடுகிறான். அடிபட்டவன் முறையிட்டபோது, ‘அடித்தவன் வேறு, இப்போது நிற்கும் நான் வேறு’ என்று பதில் வருகிறது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது.

இனிச் சிரிப்பில்லாத ஒரு சம்பவம். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு ஏதென்ஸில் முப்பது பேர் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். தங்களை எதிர்த்துப் பிரேயஸ் துறைமுகத்தில் திரண்டிருந்த மக்களாட்சித் தரப்பினரோடு போரிட, ஸ்பார்ட்டாவிடமே 100 தாலந்து (அக்காலத்துப் பெரிய பண அளவு) கடன் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே முப்பது பேரும் வீழ்ந்து மக்களாட்சி திரும்பியது; ஸ்பார்ட்டா தூதர்களை அனுப்பிப் பணத்தைக் கேட்டது. யாரை அழிப்பதற்காக வாங்கிய கடனோ, அவர்களிடமே அதைக் கேட்டு வந்து நின்றார்கள். வாங்கியவர்களே கட்டட்டும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் நகரம் ஒன்றாகச் சேர்ந்ததற்கு முதல் அடையாளமாக இருக்கட்டும் என்று கடனை மக்கள் எல்லோருமாகக் கட்டினார்கள். இதை ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தெனீஸ் பின்னாளில் ஒரு வழக்குரையில் நினைவுபடுத்துகிறார்.

கொடுங்கோலன் வாங்கிய கடனை அவனுக்குப்பின் வந்த ஆட்சி கட்ட வேண்டுமா என்ற வாதத்தை அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில் எடுத்துக்கொண்டு, அதற்குள் நம் கப்பல் கேள்வியைக் கேட்கிறார்: ஒரு நகரத்தை அதே நகரம் என்று எப்போது சொல்வது? மதில் அதே மதில் என்பதாலா, குடிகள் அதே குலம் என்பதாலா? இரண்டும் அல்ல, அரசமைப்புத்தான் என்கிறார். ஒரே பாடகர் குழு இன்று இன்பியல் நாடகத்திலும் நாளை துன்பியல் நாடகத்திலும் பாடினால், ஆட்கள் அவர்களே ஆனாலும் குழு வேறு என்பது அவர் தரும் உவமை. இவ்வளவும் சொன்ன பிறகு, ஆனால் கடனைக் கட்டுவது நியாயமா என்பது தனிக் கேள்வி என்று நழுவிவிடுகிறார். அந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு ஏமாற்றமாகவே இருக்கும். கடனைக் கட்டிய நகரத்து மக்கள் இந்த விஷயத்தில் அவரைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

குடிபோதையில் குற்றம் செய்தவர் ‘எனக்கு ஒன்றுமே நினைவில்லை’ என்று சொன்னால், செய்தவர் அவர்தானா? நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு அடிக்கடி எழும் சந்தேகம் இது.
(வாசகர், மதுரை)

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கும் இதே எடுத்துக்காட்டைத்தான் எடுத்தார். மனித அறிவைப் பற்றிய அவருடைய நூலின் முதற்பதிப்பில் இந்தப் பொருள் இல்லை. டப்ளினிலிருந்து நண்பர் வில்லியம் மாலினோ கேட்டுக்கொண்டதால் 1694இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு புதிய அதிகாரமாகச் சேர்த்தார். உடலோடு கூடிய உயிரை ‘மனிதன்’ என்றும், தன் செயலைத் தன்னுடையது என்று உணர்கிற ஒன்றை ‘ஆள்’ என்றும் பிரித்தார். ஓர் இளவரசனின் நினைவெல்லாம் ஒரு செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் குடிபுகுந்தால், பார்க்கிற அண்டை வீட்டாருக்கு அவர் அதே மனிதர். ஆனால் இளவரசனின் செயல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டிய ஆள் இப்போது அந்த உடலில் இருக்கிறார். ‘ஆள்’ என்பது வழக்குமன்றத்துக்கு உரிய சொல் என்று லாக்கே எழுதுகிறார்.

அப்படியானால் நினைவே இல்லாத குடிகாரரைத் தண்டிக்கலாமா? செய்ததற்குச் சாட்சி இருக்கிறது, நினைவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. எது உண்மை, எது நடிப்பு என்று மனித நீதிமன்றத்தால் பிரிக்க முடியாததால் அது தண்டிக்கிறது, இறைவனின் தீர்ப்பு நாளில் எல்லா நெஞ்சமும் திறக்கும்போது தனக்குத் தெரியாத செயலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிராது என்பது அவர் விடை. உங்கள் நீதிமன்றத்துக்கு விடையின் முதற்பாதி மட்டுமே பொருந்தும்.

என் தந்தை அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. என்னை அவருடைய தங்கை பெயரைச் சொல்லி அழைக்கிறார். ஆனால் மேசையில் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் ஓரம் தட்டிச் சீராக அடுக்கிக் கட்டுக் கட்டாக வைக்கிறார். தத்துவத்தின்படி அவர் இன்னும் என் அப்பாதானா?
(வாசகி, தஞ்சாவூர்)

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். லாக் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. வாழ்வின் சில பகுதிகளை மீட்க முடியாதபடி மறந்துவிட்டால், அவற்றைச் செய்தவன் அதே மனிதன்தான், ஆனால் அதே ஆள் அல்ல என்று துணிந்து சொல்கிறார். பொறுப்பை மட்டும் அளக்க ஏற்பட்ட அளவுகோல் அது. ஒரு மனிதரிடமிருந்து வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லாத இடத்தில், அவர் யார் என்று கேட்கும்போது அது கைவிட்டுவிடுகிறது.

அதன் ஓட்டையை ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் ரீட் 1785இல் ஒரு சிறு கதையால் காட்டினார். பழத்தோட்டத்தில் திருடிப் பள்ளியில் கசையடி பட்ட சிறுவன், இளம் அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். கொடியைப் பிடித்தபோது கசையடி நினைவிருந்தது. தளபதியானபோது கொடி நினைவிருக்கிறது, கசையடி அடியோடு மறந்துவிட்டது. லாக்கின்படி சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், ஆனால் சிறுவனும் தளபதியும் வேறு வேறு ஆட்கள். இது எப்படிப் பொருந்தும்?

ஆனால் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதிய ஒரு வரியை. லாக்கின் நூலுக்கு வரிக்கு வரி மறுமொழியாக ஒரு பெருநூலை அவர் எழுதினார். 1704இல் லாக் காலமானதால் அதை வெளியிடாமல் வைத்துவிட்டார். 1765இல்தான் அது அச்சேறியது. நோயால் என் நினைவின் தொடர்ச்சி அறுந்துபோனால், பிறருடைய சாட்சி அந்த இடைவெளியை நிரப்பும் என்று அதில் சொல்கிறார். மாலினோவின் வேண்டுகோளில் தொடங்கிய அந்த விவாதத்தில், ஒருவர் யார் என்பதைச் சொல்லும் உரிமையில் சுற்றியிருப்பவர்களுக்கும் ஒரு பங்கைக் கொடுக்கிற இடம் இது. அப்பாவின் அஞ்சலகக் காலம் அவருக்கு நினைவில்லை, உங்களுக்கு இருக்கிறது. அதோடு, காகிதத்தின் ஓரத்தைத் தட்டுகிற அந்தக் கைக்கும் இருக்கிறது. லாக்கின் கணக்கில் கையின் நினைவுக்கு இடமே இல்லை என்பதை அவருடைய குறையாகவே எண்ணுகிறேன். அவர் உங்கள் அப்பாதான்.

‘நான்’ என்று ஒன்றே இல்லை என்று ஹ்யூம் சொன்னதாகப் படித்தேன். புத்தர் சொன்னதைத்தானே அவர் திருப்பிச் சொல்கிறார்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ஒற்றுமை உண்டு. பௌத்தத் துறவி நாகசேனரும் கிரேக்க மன்னன் மிலிந்தனும் பேசிக்கொள்ளும் பாலி நூலில், சக்கரமா தேர், அச்சா தேர் என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் ‘தேர்’ என்பது ஒரு வழக்குப் பெயரே என்று மன்னனை ஒப்புக்கொள்ள வைக்கிறார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1739இல், தனக்குள் எவ்வளவு உற்று நோக்கினாலும் வெப்பமோ குளிரோ, அன்போ வெறுப்போ, ஏதோ ஓர் உணர்வுதான் கையில் அகப்படுகிறது, ‘நான்’ அகப்படவில்லை; ஆகவே மனம் என்பது உணர்வுகளின் தொகுதியே என்று எழுதினார். நாகசேனரின் நோக்கம் துன்பத்திலிருந்து விடுதலை. ஹ்யூமுக்கு அப்படி எந்த இலக்கும் இல்லை, மனம் எப்படி இயங்குகிறது என்று அறிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

இன்னொன்று. நாகசேனரின் விடை மன்னனுக்கு நிறைவளித்தது. ஹ்யூமுக்குத் தம் விடையே நிறைவளிக்கவில்லை. தனித்தனியாக நிற்கும் அந்த உணர்வுகளை ஒன்றாகக் கட்டுவது எது என்று தம்மால் விளக்க முடியவில்லை, சிக்கலான பாதைகளுக்குள் அகப்பட்டுவிட்டேன் என்று 1740இல் அதே நூலின் மூன்றாம் தொகுதிக்கு எழுதிய பின்னிணைப்பில் ஒப்புக்கொண்டார். 1748இல் அந்தக் கருத்துகளை எளிமையாக்கிப் புதிய நூலாக எழுதியபோது, ‘நான்’ பற்றிய அந்தப் பகுதியை அவர் சேர்க்கவே இல்லை.