லேசர் ரேடியலும் இல்கா 6-உம் ஒன்றா?

கேள்வி: என் 17 வயது மகள் சென்னையில் பாய்மரப் படகோட்டப் பயிற்சி பெறுகிறாள். எடை 60 கிலோ. பழைய ‘லேசர் ரேடியல்’ ஒன்று விலைக்கு வருகிறது. போட்டி அறிவிப்புகளிலோ ‘இல்கா 6’ என்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: இரண்டும் ஒரே படகுதான். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது லேசர் ரேடியல். 2024-இல் பாரிஸில் ஓட்டியது இல்கா 6. மாறியது பெயர் மட்டுமே. ‘லேசர்’ வணிகப் பெயரை வைத்திருந்த நிறுவனத்துக்கும் இந்த வகைப் படகுகளுக்கான சர்வதேசச் சங்கத்துக்கும் பிணக்கு முற்றியதால், 2019-இல் சங்கம் தன் பெயரின் சுருக்கமான ‘இல்கா’ (ILCA) என்பதையே படகுக்கும் சூட்டியது.

கனடாவில், கார் கூரையில் ஏற்றிச் செல்லும்படி ஒரு சிறிய படகு வேண்டும் என்று இயன் புரூஸ் கேட்க, படகு வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பி வரைந்து கொடுத்ததுதான் மூல லேசர் படகு. ஹான்ஸ் ஃபோக் பாய் தைத்தார். 1971-இல் விற்பனைக்கு வந்தது. எல்லாப் படகும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும், ஓட்டுபவரின் திறமையே வெற்றியைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கறாரான விதிதான் இதன் உயிர். 1996-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஆனால் 7.06 சதுர மீட்டர் பாயைப் பலத்த காற்றில் அடக்க, ஓட்டுபவருக்கு நல்ல உடல் எடை வேண்டும். அதனால் படகின் உடலை மாற்றாமல், சுமார் 5.8 சதுர மீட்டர் பாயும் பாய்மரத்தின் குட்டையான கீழ்த் துண்டும் கொண்ட ரேடியல் பிறந்தது. 2008 முதல் அது பெண்களுக்கான ஒலிம்பிக் படகு. உங்கள் மகளின் எடைக்கு இதுவே சரி.

பெயர் பழையது என்பதற்காகப் போட்டியில் தடுக்க மாட்டார்கள். தயாரிப்பாளர் பதித்த தகடும் அதன் எண்ணும் படகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாயும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மலிவான நகல் பாய் பயிற்சிக்கு மட்டுமே உதவும்.

நான் முதலில் சோதிப்பது பாய்மரம் செருகும் குழியை. அதில் தண்ணீர் நிரப்பிச் சற்று நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் நீர் படகின் உடலுக்குள் கசிகிறது; அந்தப் படகு வேண்டாம். பிறகு மேல்தளத்தைக் கையால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஊறிப்போயிருக்கலாம். எடை போட முடிந்தால் போட்டுவிடுங்கள்: வெறும் உடல் 59 கிலோ அளவில் இருக்க வேண்டும். அதைவிடப் பல கிலோ கூடினால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.