ஐசியூவில் கணினி எச்சரித்தும் டாக்டர்கள் ஏன் தாண்டிப் போகிறார்கள்?

"மருந்து எழுதும்போது கணினி காட்டும் எச்சரிக்கையை ஐசியூ டாக்டர்கள் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள் என்பது உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். நான் ஐசியூவில் கிளினிக்கல் பார்மசிஸ்ட். டாக்டர்கள் எழுதுவதைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை ஒதுக்கப்படுகின்றன என்கிறது. அது பொதுவான கணக்கு, ஐசியூவுக்கு மட்டுமானது அல்ல. ஆனால் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மயக்கத்துக்கு மிடசோலம், வலிக்கு ஃபென்டனில் எழுதுகிறார்கள். உடனே திரையில் சிவப்புப் பெட்டி: மூச்சு அடங்கலாம், கவனம். மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருக்கிறது என்பது பாவம் அதற்குத் தெரியாது. ரத்த அழுத்தம் விழாமல் இருக்க ஓடிக்கொண்டிருக்கும் நார்அட்ரினலினுக்குப் பதில் செறிவு கூடிய சிரிஞ்சு எழுதினால், ஒரே மருந்து இரண்டு முறை என்று இன்னொரு பெட்டி. இப்படி வரிசையாகத் தள்ளிக்கொண்டே வருபவர், வால்ப்ரோயேட் போய்க்கொண்டிருக்கும் வலிப்பு நோயாளிக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் எழுதும்போது வரும் பெட்டியையும் அதே வேகத்தில்தான் தள்ளுவார். அது விளையாட்டல்ல. மெரோபெனம் சேர்ந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் சரிந்துவிடும். டோஸைக் கூட்டியும் பெரும்பாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் இதற்கும் அதே சிவப்புதான்.

எனக்கு அதைவிடப் பயம், பெட்டியே வராத இடங்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்பதை வைத்துத்தான் கணினி சிறுநீரகத்தைக் கணக்குப் போடுகிறது. சிறுநீரகம் இன்று காலை நின்றுபோனாலும் கிரியேட்டினின் நன்றாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். யூரின் பை காலியாகத் தொங்கும், திரையோ சிறுநீரகம் வழியாக வெளியேறும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை முழு டோஸில் தொடரலாம் என்னும். நான் பையைக் குனிந்து பார்க்காமல் டிக் போடுவதில்லை.

அதற்காகப் பேப்பர் சார்ட்டுக்கே திரும்பலாம் என்று சொல்ல மாட்டேன். எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதில்தான் விஷயம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில் ஆறே நாளில் மொத்தமாகக் கணினிக்கு மாறியது. வேறு இடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது என்று அங்குள்ள டாக்டர்களே 2005இல் எழுதினார்கள். குழந்தை வந்து பதிவாகும் வரை மருந்து எழுத முடியவில்லை. சில நொடி வேலைக்கு ஒன்றிரண்டு நிமிடம் க்ளிக் செய்ய வேண்டியிருந்தது. பிரிவிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. அதே மென்பொருளைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் கொண்டுவந்தபோது, ஐசியூவுக்கான ஆர்டர் தொகுப்புகளை (அடிக்கடி சேர்த்து எழுதுபவற்றின் ஆயத்தப் பட்டியல்களை) முன்கூட்டியே தயார் செய்துவைத்திருந்தார்கள். இறப்பு கூடவில்லை.

எங்கள் பிரிவில் மிடசோலம், ஃபென்டனில் பெட்டியை அணைக்கச் சொல்லி அலையாய் அலைந்தோம். எச்சரிக்கை சேர்க்க எல்லோரும் தயார், எடுக்கக் கையெழுத்துப் போடத்தான் ஆள் கிடையாது. கடைசியில் அணைத்தார்கள். மெரோபெனம், வால்ப்ரோயேட் சேர்க்கைக்கு மட்டும் காரணம் எழுதினால்தான் நகரும் என்று வைத்திருக்கிறோம். காரணக் கட்டத்தில் சிலர் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போவது தனிக் கதை. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் நான் போனை எடுத்துவிடுவேன்.