வைரக் கண்டறிகருவியும் இணைவு நியூட்ரானும்: சேலத்துக் கேள்விகள், பதில்கள்

லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதுதான் இணைவு. அதில் பறந்துவரும் நியூட்ரானை வைரப் படிகத்தால் அளப்பது பற்றிய கேள்விகள் இவை. முதலில் ஒரு வேண்டுகோள். தமிழில் 'டி-டி' என்று எழுதினால் அது டியூட்டீரியமும் டியூட்டீரியமுமா, டியூட்டீரியமும் ட்ரிட்டியமுமா என்று யாருக்கும் தெரியாது (இரண்டுமே கனமான ஹைட்ரஜன் வகைகள்). முதலாவதில் வரும் நியூட்ரானுக்கு 2.45 எம்.இ.வி., இரண்டாவதில் 14.1 எம்.இ.வி. (ஒரு எம்.இ.வி. என்பது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்). வைரம் வேலை செய்கிற விதமே இதில் மாறிவிடும். ஆகவே 'வெறும் டியூட்டீரியம்', 'ட்ரிட்டியம் கலந்தது' என்று எழுதுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): சார், மோதிரத்தில் பதிக்கிற வைரத்தை வைத்து நியூட்ரானைக் கண்டறிய முடியாதா?

முடியாது. இயற்கை வைரத்தில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கும். துகள் உண்டாக்கும் மின்னூட்டம் மின்முனைக்குப் போய்ச் சேருமுன் அந்த நைட்ரஜன் பொறிகளில் மாட்டிக்கொள்ளும். மின்னணுத் தர வைரத்தில் நைட்ரஜன் நூறு கோடியில் ஐந்து பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களிலிருந்து மைக்ரோவேவ் பிளாஸ்மாவில் வளர்த்த ஒற்றைப் படிகம் அது. 4.5 மி.மீ. சதுரம், அரை மி.மீ. தடிமன் என்பது வழக்கமான அளவு. உங்கள் தெருவில் இதைவிட நல்ல நியூட்ரான் காட்டி ஒன்று இருக்கிறது: வெள்ளி. மெதுவாக்கிய நியூட்ரானை வாங்கிக்கொண்டு 24 விநாடி, 2.4 நிமிட அரை ஆயுள்களுடன் பீட்டாவை உமிழும். கொலுசுப் பட்டறைக்காரர்கள் வைரத்தைத் தேடவே வேண்டாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி, பள்ளி ஆசிரியை): நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை. பிறகு வைரம் அதை எப்படி உணர்கிறது? இணைவு உலையில் அதனால் என்ன தெரியும்?

நல்ல கேள்வி மேடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வைரம் முழுக்கக் கார்பன். நியூட்ரான் கார்பன்-12 அணுக்கருவை மோதி ஆல்ஃபாவும் (ஹீலிய அணுக்கரு) பெரிலியம்-9ம் ஆக உடைக்கும். இந்த வினை 5.7 எம்.இ.வி.யை விழுங்கிவிடும். 14.1 கொண்டுவந்த நியூட்ரானில் மீதி 8.4. அந்த இரண்டு துண்டுகளும் படிகத்துக்குள்ளேயே நின்றுவிடுவதால் 8.4 முழுவதும் அங்கேயே இறங்கும், நிறமாலையில் (எந்த ஆற்றலில் எத்தனை சிக்னல் என்று காட்டும் வரைபடம்) தனியாக ஒரு சிகரம் எழும்பும். வைரத்தில் ஒரு எலக்ட்ரான்-துளை ஜோடிக்கு (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும்) 13 எலக்ட்ரான் வோல்ட் செலவு. அதாவது ஆறரை லட்சம் ஜோடி, 0.1 பிக்கோகூலும். மைக்ரானுக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் 400, 500 வோல்ட் கொடுத்தால் சில நானோவிநாடியில் அத்தனையும் மின்முனைக்கு வந்துவிடும்.

சிலிக்கானில் ஒரு ஜோடிக்கு 3.6தான் செலவு, சிக்னல் பெரிது. ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தாண்ட வேண்டிய தடை) 1.12 எலக்ட்ரான் வோல்ட், வைரத்துடையது 5.5. கதிர்வீச்சில் அடிபட்டாலும் சூடேறினாலும் சிலிக்கானில் கசிவு மின்னோட்டம் பெருகும். வைரம் தாங்கும். அணு எண் 6 என்பதால் காமாவும் அதிகம் தொல்லை தராது.

உலையில் என்ன தெரியும் என்றால், முதலில் திறன். ட்ரிட்டியம் கலந்த வினை ஒன்று 17.6 எம்.இ.வி. தரும், அதில் ஐந்தில் நான்கு பங்கு நியூட்ரானுடையது. ஒரு மெகாவாட் இணைவுத் திறனுக்கு விநாடிக்கு மூன்றரை லட்சம் லட்சம் கோடி நியூட்ரான். எண்ணினால் திறன் கிடைத்துவிடும். இங்கிலாந்தின் ஜெட் டோகாமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் வளைய வடிவ இணைவு இயந்திரம்) 2021இல் 59 மெகாஜூலும் 2023இல் 69 மெகாஜூலும் தந்தது. அங்கே 12 வைரத் துண்டுகள் அடுக்கிய நிறமாலைமானி இருந்தது. அடுத்தது வெப்பநிலை. அயனிகள் ஓடிக்கொண்டே வினைபுரிவதால் 14.1 என்ற கோடு தடித்துப்போகும். 11.6 கோடி டிகிரியில் அரை உயர அகலம் சுமார் 0.56 எம்.இ.வி. நல்ல வைரத்தின் சொந்தப் பிழை அதற்கு வெகு கீழே இருப்பதால் இந்த அகலத்தை நம்பிப் படிக்கலாம்.

கேள்வி (ஓமலூர்): அண்ணா, வெறும் டியூட்டீரியம் இயந்திரத்துக்கும் இதே வைரம் போதுமா?

அப்படியே போதாது தம்பி. ஆல்ஃபா வினைக்கு நியூட்ரான் 6.2 எம்.இ.வி.யாவது கொண்டுவர வேண்டும், 2.45 எட்டாது. மிஞ்சுவது மோதிப் பின்வாங்கும் கார்பன் மட்டும். அதற்கு அதிகபட்சம் 28 சதவீதம், அதாவது 0.7 எம்.இ.வி. காமாவும் இரைச்சலும் அதை மூழ்கடித்துவிடும். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் லித்தியம்-6 ஃபுளூரைடைச் சில மைக்ரான் பூசி, பாலித்தீனுக்குள் வைத்து நியூட்ரானை மெதுவாக்குங்கள். மெதுவான நியூட்ரான் லித்தியம்-6ஐ உடைக்கும், 2.73இல் ட்ரிட்டானும் (ட்ரிட்டிய அணுக்கரு) 2.05இல் ஆல்ஃபாவும் தெரியும். சாதாரண லித்தியத்தில் லித்தியம்-6 வெறும் 7.6 சதவீதம். செறிவூட்டியதைக் கேட்டு வாங்குங்கள். பூச்சைத் தடிமனாக்கினால் ஆல்ஃபா பூச்சுக்குள்ளேயே செத்துவிடும்.

கேள்வி (கருப்பூர், முதுகலை மாணவர்): வெளியூரில் 100 கிலோவோல்ட் நியூட்ரான் ஜெனரேட்டரில், ட்ரிட்டியம் இலக்குக்கு நேர் முன்னால் வைத்து எடுத்தோம். அமெரிசியம்-241 ஆல்ஃபாவால் அளவுத்திருத்தம், காற்றில், 3 மி.மீ. தள்ளி. சிகரம் 8.4க்குப் பதில் 9.5இல் நிற்கிறது. வைரம் கெட்டுவிட்டதா?

இல்லை. வைரம் கெட்டால் மின்னூட்டம் குறையும், சிகரம் கீழேதான் இறங்கும். மேலே போனால் அளவுகோலைச் சந்தேகப்படுங்கள்.

(சூரமங்கலம்): காற்றுதான் சார் காரணம். 5.486 என்று குறித்த ஆல்ஃபா 3 மி.மீ. காற்றில் 0.26 இழந்திருக்கும், வைரத்தில் இறங்கியது 5.22தான். அளவுகோல் முழுவதும் 5 சதவீதம் பெருத்துவிட்டது.

(ஆத்தூர்): காற்றெல்லாம் சில்லறை விஷயம்ங்க. இலக்கை மோதும் டியூட்டெரான் (டியூட்டீரிய அணுக்கரு) போகிற திசையில் பிறக்கும் நியூட்ரானுக்கு 14.1 இல்லை, 14.8. அதில் 5.7 போனால் 9.1. இவர் நேர் முன்னால்தானே வைத்திருக்கிறார்?

(சூரமங்கலம்): 9.1 என்றால் 9.5க்கு மீதி எங்கே? இரைச்சலா?

(ஆத்தூர்): உங்கள் 5 சதவீதத்தை வைத்து 8.4 எங்கே போகும்? 8.8. உங்களுக்குத்தான் மீதி அதிகம்.

இருவருமே பாதிப் பாதி சரி. இலக்குக்குள் டியூட்டெரான் வேகம் குறைவதால் 14.8 என்பது சராசரியில் 14.7 ஆகும், சிகரம் 9.0. அதன்மேல் சூரமங்கலத்தாரின் 5 சதவீதத்தை ஏற்றுங்கள்: 9.46. மாணவர் பார்த்த 9.5 அதுவேதான். தங்க மின்முனையின் தடிமனும் ஆல்ஃபாவிடம் கொஞ்சம் பிடுங்கியிருக்கும்.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. வைரத்தை 90 டிகிரியில் வையுங்கள். அந்தத் திசையில் டியூட்டெரான் ஆற்றல் எதுவானாலும் நியூட்ரான் ஏறக்குறைய 14.1தான். சிகரம் 8.4இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவும் அளவுத்திருத்தப் பிழை. ஆனால் 90ஐச் சரியாக வைக்க வேண்டும், 5 டிகிரி பிசகினால் 0.06 எம்.இ.வி. நகரும்.

(சூரமங்கலம்): ஜெனரேட்டர் நேரம் திரும்பக் கிடைக்காதே சார்?

அப்படியானால் கலப்பு ஆல்ஃபா மூலம். புளூட்டோனியம்-239 5.16, அமெரிசியம்-241 5.49, கியூரியம்-244 5.81. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு இழக்கும், ஆகவே சிகரங்களுக்கு இடையிலான தூரம் பெரிதாக மாறாது. சரிவை அந்தத் தூரங்களிலிருந்து எடுங்கள், சுழியத்தைப் பல்சரிலிருந்து (சோதனைத் துடிப்பு தரும் கருவி) எடுங்கள். மூன்று சிகரங்களையும் சேர்க்கும் கோடு சுழியத்தில் விழவில்லையென்றால் அந்த விலகல்தான் இழந்த ஆற்றல். இதை வெற்றிடத்தில் செய்தால் காற்றுப் பிரச்சினையே எழாது. ஆனால் ஒன்று: பம்ப் ஓடி அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போது பயாஸ் (வைரத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) போடாதீர்கள். காற்றில் மின்வெளியேற்றத்துக்கு 330 வோல்ட்டே போதும் என்கிற ஓர் அழுத்தம் இடையில் வரும். 400 வோல்ட்டோடு அதைக் கடந்தால் முன்பெருக்கியின் (வைரத்தின் சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) முதல் டிரான்சிஸ்டர் போய்விடும். 10⁻³ மில்லிபாருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஏற்ற வேண்டும், அதுவும் படிப்படியாக.

(ஆத்தூர்): ஆக, கோணம்தான் பெரிய பங்கு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

0.6 கோணம், 0.45 காற்று. இதற்குமேல் பஞ்சாயத்து வேண்டாம்.

கேள்வி (ஏற்காடு): காலையில் பனிமூட்டத்தில் கசிவு மின்னோட்டம் பல மடங்கு ஏறுகிறது, மதியம் இறங்கிவிடுகிறது. படிகம் மோசமா?

படிகம் நன்றாகவே இருக்கிறது. பரப்பிலும் பீங்கான் தாங்கியிலும் ஈரம் படிகிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், முடிந்தால் உலர் நைட்ரஜன். விரல் பட்ட இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உலர்ந்த பிறகும் கசிவு நானோஆம்பியரைத் தாண்டினால் பரப்பில் ஹைட்ரஜனோ கிராஃபைட்டோ மிஞ்சியிருக்கும். அமிலத்தில் சுத்தம் செய்து மின்முனையைப் புதிதாகப் படிய வைப்பது வைரத்தைத் தந்தவர் வேலை. இன்னொன்று: 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், ஆல்ஃபா இழப்பும் சேலத்தைவிடக் குறைவு. மேலே காற்றில் எடுத்த அளவுத்திருத்தத்தைக் கொண்டைஊசி வளைவு இறங்கிக் கீழே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): ஆய்வகத்தில் வளர்த்த நகை வைரம் இப்போது மலிவு. அது?

நைட்ரஜன். முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (ஜாகீர் அம்மாபாளையம்): இங்கே தோண்டுகிற வெள்ளைக்கல்லுக்கும் இணைவு உலைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

எதிர்பாராத கேள்வி, ஆனால் உண்டு. உலைக்கு அருகில் பிளாஸ்டிக் உறை கேபிள் கதிர்வீச்சில் நொறுங்கிப்போகும். அங்கே உலோகக் குழாய்க்குள் மக்னீசியாத் தூளை (மக்னீசியம் ஆக்சைடு) இறுக்கி அடைத்த கேபிள் போடுவார்கள். வெள்ளைக்கல்லைச் (மேக்னசைட்) சுட்டால் கிடைப்பதும் மக்னீசியாதான். நம்மூர்ச் சரக்கு பெரும்பாலும் சூளைச் செங்கல்லுக்குப் போகிறது, கேபிளுக்கு மின்வில்லில் உருக்கிய தூய ரகம் வேண்டும். இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். வெட்டிய முனையை மூடாமல் ஓரிரவு விட்டாலே மின்காப்பு விழுந்துவிடும். சூடேற்றி ஈரத்தை விரட்டி, உடனே அடைக்க வேண்டும்.

கேள்வி (மேட்டூர்): முன்பெருக்கியை 10 மீட்டர் தள்ளி வைக்கலாமா?

மின்னூட்ட முன்பெருக்கி என்றால் கூடாது. வைரத்தின் மின்தேக்குத்திறன் 2 பிக்கோஃபாரட்கூட இல்லை, கேபிளோ மீட்டருக்கு 100. 10 மீட்டரில் சிக்னல் இரைச்சலில் கரைந்துவிடும். அவ்வளவு தூரம் தவிர்க்கவே முடியாதென்றால் 50 ஓம் வேக மின்னோட்டப் பெருக்கிக்கு மாறுங்கள், தெளிவில் கொஞ்சம் இழப்பீர்கள். பயாஸ் ஏற்றியிருக்கும்போது கேபிளைப் பிடுங்கக் கூடாது. வெற்றிடத்தில் என்றால், பம்ப் முடியும் வரை பயாஸ் கூடாது.

கேள்வி (அம்மாபேட்டை): ஆல்ஃபா சிகரம் அரை மணி நேரத்தில் மெல்லக் கீழே நகர்கிறது.

முனைவாக்கம். பொறிகளில் மாட்டிய மின்னூட்டம் நீங்கள் கொடுக்கும் மின்புலத்தையே எதிர்க்கிறது. பயாஸை இறக்கி, வெளிச்சம் காட்டி, சில நிமிடம் கழித்துத் திரும்ப ஏற்றுங்கள். மின்முனையை மாற்றிப் போட்டும் பாருங்கள், ஒரு திசையில் மட்டும் நகர்ந்தால் அந்தப் பக்க மின்முனையில் கோளாறு. அளவெடுக்குமுன் ஸ்ட்ரான்சியம்-90 பீட்டாவில் சில மணி நேரம் காட்டிப் பொறிகளை நிரப்பிவிடுவது நல்லது.

கேள்வி (ஐந்து ரோடு): வீட்டில் சின்ன இணைவுக் கருவி கட்டி, டி-டி நியூட்ரானை...

எந்த டி-டி? எதுவானாலும் வேண்டாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி இல்லாமல் நியூட்ரான் மூலம் எதையும் இயக்கக் கூடாது. புகை உணரியை உடைத்து அமெரிசியம் எடுப்பதும் இதில் சேர்த்தி.

கேள்வி (தாதகாப்பட்டி): சார், பாட்டியின் வைரத் தோடு...

காதிலேயே இருக்கட்டும்.

கேள்வி (கருப்பூர், முதுகலை மாணவர்): கலப்பு மூலத்தில் இன்று பார்த்தோம். மூன்று சிகரமும் பிரிந்தே வந்தன. கோடு சுழியத்தைத் தொடாமல் 0.29 தள்ளி விழுகிறது.

3 மி.மீ. காற்று, கொஞ்சம் தங்கம். கணக்கு சரியாக வந்துவிட்டது. பழைய தரவில் அமெரிசியம் சிகரத்துக்கு 5.49க்குப் பதில் 5.20 என்று போட்டு மறுபடி ஓட்டுங்கள், நியூட்ரான் சிகரம் 9.0க்கு வந்து நிற்கும். ஆத்தூர்க்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.