அலைக்கற்றை: ஏலமா, பகிர்வா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலையடிவாரச் சிற்றூர்களுக்கு வைஃபை கோபுரங்கள் மூலம் இணைய இணைப்பு வழங்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பெரிய நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை எங்கள் பகுதியின் பல ஊர்களில் பயன்பாட்டுக்கே வரவில்லை. ஏலமுறையே தவறா? கிடப்பில் உள்ளதை எங்களோடு பகிர வழியில்லையா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: உங்களை வெளியே நிறுத்துவது ஏலமன்று, ஏலத்துக்கு வரும் துண்டின் அளவு என்பதே என் கருத்து. நம் நாட்டில் கைப்பேசி அலைக்கற்றை 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பொதுவாக 20 ஆண்டுகளுக்கு விற்கப்படுகிறது. போடிக்கும் கம்பத்துக்கும் மட்டும் அலைக்கற்றை வேண்டுவோர், சென்னையையும் சேர்த்துத் தமிழ்நாடு முழுமைக்கும் விலை கேட்டாக வேண்டும். இத்தனைக்கும், இணையச் சேவை உரிமங்களில் 'சி' பிரிவு என்று ஏறத்தாழ ஒரு மாவட்டத்தின் அளவுக்கே உரிமம் கொடுத்துவந்ததும் இதே அரசுதான். சேவைக்கு மாவட்ட அளவிலும் அலைக்கற்றைக்கு மாநில அளவிலும் எல்லை வகுத்தால் சிறியவர்கள் எப்படி நுழைவார்கள்?

2010ஆம் ஆண்டின் பிராட்பேண்டு அலைக்கற்றை ஏலத்தில் 22 வட்டங்களையும் வென்றது, பலரும் கேள்விப்பட்டிராத இன்ஃபோடெல் என்ற இணைய நிறுவனம். செலுத்த வேண்டியிருந்த தொகை 12,848 கோடி ரூபாய். முடிவு வெளியான நாளிலேயே அதன் 95 விழுக்காட்டுப் பங்குகளை வாங்குவதாக ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அறிவித்தது; பின்னாளின் ஜியோ அந்த நிறுவனமே. சிறிய நிறுவனம் ஒன்று வென்றது என்று மகிழ்வதற்கு ஒரு நாள்கூட இடைவெளி இருக்கவில்லை.

ஏலத்தையும் பகிர்வையும் ஒரே அலைவரிசையில் சேர்த்து நடத்திக் காட்டிய நாடு அமெரிக்கா. அங்கே 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைக் கடற்படை ரேடார்கள் பயன்படுத்திவந்தன. ரேடார்களை வெளியேற்றாமலேயே, 2015இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதில் மூன்று படிநிலைகளை வகுத்தது. முதலுரிமை கடற்படை போன்ற பழைய பயனாளர்களுக்கு. அடுத்தது ஏலத்தில் உரிமம் எடுத்தவர்களுக்கு. மூன்றாம் படியில், ஏலத்தொகை எதுவும் கட்டாமல், விதிகளுக்கு உட்பட்ட கருவியைப் பதிவுசெய்த எவரும் பயன்படுத்தலாம். கண்மாயின் மீன்பாசி உரிமை ஏலம் போனாலும், மடைநீரில் ஆயக்கட்டுதாரர்களின் உரிமை போய்விடுவதில்லை அல்லவா, அதுபோன்ற ஏற்பாடு இது. எந்த இடத்தில் எந்த அலைவரிசை காலியாக உள்ளது என்பதைக் கணினிப் பதிவேடு ஒன்று கணித்து ஒவ்வொரு கோபுரத்துக்கும் தெரிவிக்கிறது. கடலோர உணரிகள் ரேடாரைக் கண்டறிந்தால், இடையூறு செய்யக்கூடிய கோபுரங்கள் சில நிமிடங்களுக்குள் அந்த அலைவரிசையை விட்டு விலக வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது அதிலுள்ள இன்னொரு விதி. ஏலத்தில் உரிமம் எடுத்தவர் ஓரிடத்தில் அதைப் பயன்படுத்தாதவரை, அந்த இடத்தில் மூன்றாம் படியினர் அதைப் பயன்படுத்தலாம். ஏலத்தொகை கட்டிவிட்டேன் என்பதற்காகப் பூட்டிவைக்க முடியாது. 2020இல் நடந்த ஏலத்தில் உரிமங்கள் கவுன்டி எனப்படும் சிறு நிர்வாகப் பகுதி வாரியாக விற்கப்பட்டன. வென்றவர்கள் 228 பேர். வெரைசான் போன்ற பெருநிறுவனங்களோடு, சிற்றூர் இணைய நிறுவனங்களும் மின்வாரியங்களும் பல்கலைக்கழகங்களும் அப்பட்டியலில் உண்டு. முதலில் திட்டமிட்டபடி இன்னும் சிறிய பகுதிகளுக்கு 3 ஆண்டு உரிமமாக அவை வழங்கப்பட்டிருந்தால் சிறியவர்களுக்கு மேலும் வசதியாக இருந்திருக்கும். 2018இல் விதிகளைத் திருத்தி, பகுதியைப் பெரிதாக்கிக் காலத்தையும் 10 ஆண்டுகளாக நீட்டிவிட்டார்கள்.

இந்தியாவிலும் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை, அவருக்குத் தீங்கான குறுக்கீடு நேராதவாறு, இரண்டாம் நிலைப் பயனாளருக்கும் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது; தக்க காரணமின்றிக் கிடப்பில் போட்டதைத் திரும்பப் பெறவும் அது வழி செய்கிறது. உங்களைப் போன்றோரின் சங்கங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவைத்தான். ஏலத்தையே ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அன்று.

கேள்வி: ஏலம் இல்லையென்றால் 2008ஆம் ஆண்டின் 2ஜி ஒதுக்கீட்டுக் கதைதானே மீண்டும் நடக்கும்?
– வாசகர், விருதுநகர்

பதில்: நடக்க வேண்டிய கட்டாயமில்லை. 2008இல் நடந்தது பகிர்வு அன்று. 2001ஆம் ஆண்டு விலைக்கு, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில், தனியுரிமையாகவே அலைக்கற்றை ஒதுக்கப்பட்டது. அப்போது வழங்கிய 122 உரிமங்களை 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. (குற்ற வழக்கில் 2017இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது.) அதே 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த உச்ச நீதிமன்றம், எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் ஒன்றே அரசமைப்பு ஏற்கும் வழி என்று சொல்ல முடியாது எனத் தெளிவுபடுத்தியது, இந்தப் பகுதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விலக்கும்போதுதான் யாருக்குக் கொடுப்பது என்ற அதிகாரம் விலைபோகிறது. வைஃபை இயங்கும் உரிமம் தேவைப்படாத பட்டையில் அந்த அதிகாரத்துக்கே வேலையில்லை. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுப்பகுதியில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளை அமைத்து, சுற்றுவட்டார நோயாளிகளை மருத்துவர்கள் காணொளியில் பார்க்கச் செய்தது அத்தகைய பட்டையில்தான். நெரிசலும், கோபுரங்களுக்கிடையே தடையற்ற பார்வைக்கோடு வேண்டும் என்பதும் அதன் குறைகள், ஆகவேதான் 3.5 கிகாஹெர்ட்ஸ் (3500 மெகாஹெர்ட்ஸ்) போன்ற பட்டைகளிலும் பகிர்வு வேண்டும் என்கிறோம்.

கேள்வி: பகிர்வினால் அரசுக்கு வருவாய் இழப்புதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: விற்பனையாகும் அலைக்கற்றையைப் பொறுத்தவரை ஆம். மேற்சொன்ன அமெரிக்கப் பகிர்வுப் பட்டையில் 70 மெகாஹெர்ட்ஸ் ஏறத்தாழ 458 கோடி டாலருக்குப் போனது. அடுத்த சில மாதங்களில், அதையடுத்த பட்டையில் தனியுரிமையாக விற்ற 280 மெகாஹெர்ட்ஸ் 8,100 கோடி டாலரை ஈட்டியது. அலைபரப்பும் திறனுக்குப் பகிர்வுப் பட்டையில் கடுமையான வரம்பு இருப்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆனால் 2024இல் இந்தியா ஏலத்துக்கு வைத்த 10,500 மெகாஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அலைக்கற்றையில் விற்றது 141.4 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. மீதியை அடுத்த ஏலம் வரும்வரை மாவட்ட வாரியாகச் சிறு கட்டணத்துக்குக் கொடுத்திருந்தாலும் கருவூலத்துக்கு ஒரு ரூபாயும் குறைந்திருக்காது.