கட்டத்துக்குள் என்ன எண்?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘□ + 3.75 = 12.4’ என்ற கணக்குக்கு 8.75 என்று எழுதுகிறாள். கழிக்க வேண்டும் என்பது தெரிகிறது, ஆனாலும் விடை தப்பாகிறது. ஏன்?
- வாசகி, ஈரோடு

பதில்: கடைசி இலக்கத்தில்தான் சறுக்கல். 12.4-க்குக் கீழே 3.75 எழுதினால், 5-க்கு நேர் மேலே ஒன்றும் இருக்காது. அதனால் அந்த 5-ஐ அப்படியே கீழே இறக்கிவிட்டாள். கழிய வேண்டிய 0.05 விடையில் கூடிவிட்டது. சரியான விடை 8.65. அவள் விடை அதைவிட 0.10 கூடுதலாக இருப்பது இதனால்தான்.

கழிக்கத் தொடங்கும் முன்பே 12.4-ஐ 12.40 என்று எழுதச் சொல்லுங்கள். 0-வில் 5 போகாது. பக்கத்து 4-இடம் கடன் வாங்கி, 10-ல் 5 போக 5. அந்த 4 இப்போது 3. அதில் 7 போகாது, மறுபடி கடன், 13-ல் 7 போக 6. மிச்சமிருக்கும் 11-ல் 3 போக 8. முடித்த கையோடு 8.65-ஐயும் 3.75-ஐயும் கூட்டிப் பார்க்கட்டும். 8.75-ஐக் கூட்டியிருந்தால் 12.50 வந்து, தப்பு அங்கேயே பிடிபட்டிருக்கும். (நகைக்கடை ரசீதைக் காட்டுங்கள். 12.4 கிராம் என்று இருக்காது, 12.400 என்றுதான் இருக்கும். பூஜ்ஜியம் சேர்த்தால் எடை மாறாது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.)

‘குறியை மாற்றிப் போடு’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். □ - 2.6 = 5.85 என்றால் கூட்டி 8.45 என்பது சரி. ஆனால் 9.2 - □ = 4.58 என்பதற்கும் குறியை மாற்றினால் 13.78 வரும், 9.2-லிருந்து அதை எடுக்க முடியுமா? முழுசு எது, பங்கு எது என்று கேட்கப் பழக்குங்கள். கட்டத்தில் இருப்பது முழுசு என்றால் கூட்டல், பங்கு என்றால் கழித்தல். இங்கே 9.20-ல் 4.58 போக 4.62.

கேள்வி: 4.□7 + □.8□ = 9.32. இந்த மாதிரி கணக்கை எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர், தென்காசி

பதில்: வலது ஓரத்திலிருந்து. 7-உடன் எதைக் கூட்டினால் 2-ல் முடியும்? 5. கூட்டினால் 12, 2 போட்டு மீதி 1. அடுத்த இடத்தில் 8-ம் அந்த மீதி 1-ம் சேர்ந்து 9. 3-ல் முடிய வேண்டும் என்றால் 13, ஆகவே கட்டத்தில் 4, மீதி 1. முழு எண் பக்கம் 4-ம் 1-ம் போக 9-க்கு இன்னும் 4 வேண்டும். ஆக 4.47 + 4.85. நடுக்கட்டத்தில் 5 என்று எழுதும் பிள்ளை முதல் மீதியை மறந்திருக்கிறது. அப்படியே கூட்டச் சொன்னால் 9.42 வரும்.